வேடந்தாங்கலுக்கு வர்ற வீக்எண்ட் விருந்தாளிகளுக்கு ஒரு மடல்

சனி ஞாயிறு ஆனா சென்னைலேர்ந்து கார்லயும் பைக்லயும் வேன்லயும் வேடந்தாங்கல் பறவை சரணாலயத்துக்கு வர்ற எல்லாருக்கும் வணக்கம். ட்ரிப் பிளான் பண்ற வாட்ஸ்அப் குரூப் அட்மின்கள், கேமரா கிளப்காரங்க, பசங்கள டூர் கூட்டிட்டு வர்ற டீச்சருங்க, அபார்ட்மெண்ட்ல பஸ் புடிச்சு குடும்பத்தோட வர்றவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். நான் அந்த சரணாலய ஏரித் தண்ணி பாயுற கழனிக்காரர் வீட்டுப் பொண்ணு. வேலை செங்கல்பட்டுல, லீவு நாள்ல வீட்டுலதான் இருப்பேன், அதனால நீங்க வர்ற அதே நாள்ல நானும் அந்தக் கரையில நடக்குறேன், உங்கள பாக்குறேன். கோபத்துல எழுதுறேன்னு நினைக்காதீங்க. மனசுல ரொம்ப நாளா இருக்குறத சொல்லிடணும்னு தோணுச்சு, அவ்ளோதான்.

எங்க ஆயா ஒண்ணு சொல்லும். ஐப்பசி மழை பிடிச்சு ஏரில தண்ணி ஏற ஆரம்பிச்சு மொதல் நாரைக் கூட்டம் மரத்துல வந்து உக்காந்துச்சுன்னா, "பொண்ணுங்க பிரசவத்துக்கு தாய்வீடு வந்துட்டாங்க"ன்னு சொல்லும். எங்க ஊர்க்காரங்க மனசுல அந்த ஏரி அப்படித்தான் இருக்கு. புள்ளப் பெத்த வீட்டுக்கு நீங்க எப்படிப் போவீங்க? வாசல்லயே செருப்ப விட்டு, கைகால் கழுவி, குரல தாழ்த்தி, தூரத்துலேர்ந்து புள்ள முகத்த பாத்துட்டு, தாய தொந்தரவு பண்ணாம வந்துடுவீங்க. யாரும் அங்க போய் பாட்டு போட மாட்டாங்க, தொட்டில ஆட்டி புள்ளைய எழுப்பி போட்டோ எடுக்க மாட்டாங்க. நான் கேக்குறது மொத்தமும் இதுக்குள்ளயே வந்துடுது, ஆனா ஏன் எதுக்குன்னு விவரமா சொன்னாதான் சரியா இருக்கும்.

எங்க ஊர்ல தீபாவளிக்கு வெடி கிடையாது. இது போர்டு வெச்சு போலீஸ் நின்னு வந்த கட்டுப்பாடு இல்ல, ஊரே சேர்ந்து பரம்பரையா கடைப்பிடிக்குறது. சின்ன வயசுல எனக்கு ரொம்ப அழுகையா வரும், டிவில எல்லாம் பட்டாசு விளம்பரம் ஓடும், ஸ்கூல்ல மத்த ஊர்ப் பசங்க சரம் வெடிச்ச கதை சொல்லுவாங்க, எங்க வீட்ல கம்பி மத்தாப்பு கூட யோசிச்சு யோசிச்சுதான் குடுப்பாங்க, வெடி வெடிக்கணும்னா மாமா ஊருக்கு பஸ் ஏறணும். அந்த வருஷங்கள்ல எல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொல்லுவாரு, "முட்டை மேல உக்காந்துருக்கும்மா, பயந்து எழுந்துடும்". அப்போ புரியல. பின்னாடி ஒரு நாள் கண்ணால பாத்து புரிஞ்சுக்கிட்டேன், அத கீழ சொல்றேன்.

இந்த வழக்கம் இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. 1700கள்ல வெள்ளைக்கார சிப்பாய்ங்க இங்க வந்து பறவைய சுட்டுப் போட்டுட்டுப் போயிருக்காங்க, ஊர்க்காரங்க போய் முறையிட்டு, 1798ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ்கிட்ட இந்த ஏரிப் பறவைய யாரும் சுடக்கூடாதுன்னு உரிமை வாங்கியிருக்காங்க. 1858ல மறுபடி கலெக்டர்கிட்ட போய் அத புதுப்பிச்சு வாங்கியிருக்காங்க. 1936லதான் அரசாங்கம் சரணாலயமா அங்கீகரிச்சுது. நாட்டுல பறவை சரணாலயம்னு ஒரு பேச்சே இல்லாத காலத்துல, சாதாரண விவசாயிங்க கலெக்டர்கிட்ட முறையிட்டு வாங்கின பாதுகாப்பு இது. ஊர் பேர்ல வேடன் இருக்கான், வேடன் தாங்கல்தான் வேடந்தாங்கல் ஆச்சுன்னு சொல்லுவாங்க, அப்படி ஒரு ஊர்ல அம்பும் துப்பாக்கியும் எடுக்காத ஜனங்க உருவானத நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு நிறையும். தாங்கல்னா சின்ன ஏரி, எங்க பக்கத்துல நெறைய ஊர் பேர் இதுலதான் முடியும்.

ஏன் அவ்ளோ பாசம்னு கேப்பீங்க. பாசமும் இருக்கு, நன்றியும் இருக்கு. மரத்துல ஆயிரக்கணக்குல பறவை உக்காந்து எச்சம் போட்டுக்கிட்டே இருக்கும், அது அப்படியே ஏரித் தண்ணில கலந்துடும், மதகு தொறந்தா அந்தத் தண்ணிதான் கழனிக்கு வரும். தண்ணியோட சேர்ந்து தழைச்சத்தும் வருது. மத்த ஏரிப் பாசனக்காரங்க போடுற அளவு உரம் எங்க அப்பா போட்டதில்ல, பயிர் பச்சை கட்டி நிக்கும். பறவைக்கு ஊர் காவல், ஊருக்கு பறவை உரம். இத நீங்க டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்து போர்டுல படிச்சுட்டு தாண்டிப் போயிடுவீங்க, எங்களுக்கு அது சோறு.

சரி, அந்த ஏரிக்குள்ள என்னதான் நடக்குதுன்னு சொல்றேன். மொத்தம் 74 ஏக்கர் சுமார் இருக்கும், 30 ஹெக்டேர். சென்னைல ஒரு பெரிய கேட்டட் கம்யூனிட்டி அளவுதான். தண்ணிக்கு நடுவுல நீர்க்கடம்பு மரமும் கருவேல மரமும் நிக்கும். மரம் தண்ணிக்குள்ள நிக்குறதுதான் இங்க முக்கியமான விஷயம், சுத்தி தண்ணி இருக்குறதால நாய், பூனை, கீரிப்புள்ள எதுவும் மரத்துக்கு வர முடியாது, அந்தத் தண்ணிதான் கோட்டைக்கு அகழி மாதிரி. தண்ணி சீக்கிரம் வத்துற வருஷம் அந்த அகழி போயிடும், அப்போ கூட்டுக்கு ஆபத்து. அதனாலதான் மழை சரியில்லாத வருஷத்துல பறவைங்க வந்து பாத்துட்டு வேற எடம் போயிடும். அந்த மாதிரி வருஷத்துல நீங்க வந்து "டிக்கெட் வாங்கியும் ஒண்ணுமே இல்ல, வேஸ்ட்"னு ரிவ்யூ போடுறத பாத்திருக்கேன். தயவுசெஞ்சு அப்படி போடாதீங்க. அது ஷோ இல்லீங்க. ஏரி காஞ்சு கிடந்தா எங்க கழனியும் காஞ்சுதான் கிடக்கும்.

இன்னொண்ணு, நெறைய பேர் பசங்களுக்கு தப்பா சொல்லிக் குடுக்குறாங்க, "இதெல்லாம் சைபீரியாலேர்ந்து முட்டை போட வந்த பறவைங்க"ன்னு. மரத்துல கூடு கட்டி குஞ்சு பொரிக்குற மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்கதான், தண்ணியும் மீனும் இருக்குற எடம் தேடி நம்ம நாட்டுக்குள்ளயே சுத்துற ஜாதி. நெசமாவே வெளிநாட்டுலேர்ந்து வர்ற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மாதிரி வாத்துங்க குளிருக்குத் தப்பிச்சு இங்க வந்து தின்னு தெம்பாகி திரும்ப வடக்க போய் அங்கதான் கூடு கட்டும். ரெண்டுக்கும் நம்ம தண்ணி வேணும், ஆனா காரணம் வேற வேற. இத சொல்லிக் குடுத்தா பசங்களுக்கு இன்னும் ஆர்வம் வரும், வரைபடத்த விரிச்சு வெச்சு உக்காந்துடுவாங்க. வாத்து நல்லா பாக்கணும்னா பக்கத்துல கரிக்கிலி பறவை சரணாலயம் இருக்கு, அங்க கூட்டம் கம்மி, திறந்த தண்ணி, பொறுமையா உக்காரலாம். வேடந்தாங்கல் வந்துட்டு கரிக்கிலிய பாக்காம போறவங்கதான் அதிகம். ரெண்டுமே 2022லேர்ந்து ராம்சார் பட்டியல்ல இருக்கு, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல் அது.

இப்போ நான் பாத்தத சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி, தை மாசம், ஞாயித்துக்கிழமை, காலைல ஒரு பத்தரை பதினொண்ணு இருக்கும், வெயில் ஏறிடுச்சு. கரையில நானும் சித்தியும் நின்னுட்டு இருக்கோம், வாடகைக்கு எடுத்த பைனாகுலர் கையில. ஒரு மஞ்சமூக்கு நாரைக் கூடு நேரா தெரியுது, வெள்ளப் பஞ்சு மாதிரி ரெண்டு குஞ்சு. தாயா தகப்பனா தெரியல, ஒண்ணு கூட்டு மேல நின்னு ரெண்டு றெக்கையையும் பாதி விரிச்சு கொட மாதிரி புடிச்சுக்கிட்டு நிக்குது, வெயில் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பிக்கிது. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு பறந்து வந்து, தொண்டைல வெச்சிருந்த தண்ணிய அலகு வழியா குஞ்சுங்க மேல சொட்டு சொட்டா விடுது. குஞ்சு ரெண்டும் வாயத் தொறந்து அண்ணாந்து வாங்குது. சித்தி பைனாகுலர என்கிட்ட குடுக்கவே மாட்டேங்குறாங்க, "இரு இரு இரு"ன்னு கைய தட்டி விடுறாங்க, அவங்க கண்ணுல தண்ணி.

அப்போ கொஞ்சம் தள்ளி ஒரு நாலு பசங்க. ஒருத்தன் போன தூக்கிப் புடிச்சு ரெடின்னான், இன்னொருத்தன் கைய தட்டி ஓன்னு கத்தி ஒரு கல்ல எடுத்து தண்ணில வீசினான், எல்லாம் ஒரே நேரத்துல பறந்தா வீடியோ நல்லா வரும்னு. வந்துச்சு. நூறு நூத்தம்பது பறவை ஒரே அடியா எழுந்துச்சு, வானம் பூரா றெக்கை, பாக்க அழகாதான் இருந்திருக்கும் போன்ல. நான் பைனாகுலர்ல பாத்தது வேற. பக்கத்து மரத்துல வக்கா கூடுங்க, அதுல முட்டை. தாய் எழுந்த அடுத்த நிமிஷம் காக்கா ரெண்டு உள்ள பூந்துச்சு. காக்காவுக்கு தெரியும், இங்க மனுஷன் கத்துனா சாப்பாடுன்னு. ஒரு முட்டைய கொத்தி தூக்கிக்கிட்டு போச்சு, இன்னொண்ணு உருண்டு தண்ணில விழுந்துச்சு, சின்னதா ஒரு வளையம் எழும்பி அடங்கிடுச்சு. தாய் திரும்பி வந்து காலிக் கூட்டு ஓரத்துல உக்காந்து கீழ குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டே இருந்துச்சு. அந்த வீடியோ ஒரு 15 செகண்ட் வந்திருக்குமா?

நான் போய் அந்தப் பையன்கிட்ட பைனாகுலர குடுத்து பாருன்னேன். சண்டைக்குத்தான் போனேன், ஆனா அவன் பாத்துட்டு "அக்கா சத்தியமா எனக்கு தெரியாதுக்கா, பறந்தா மறுபடி வந்து உக்காந்துக்கும்னு நினைச்சேன்"ன்னு சொன்னப்ப எனக்கு பேச வாய் வரல. அவன் பொய் சொல்லல. அவனுக்கு யாரும் சொல்லல. அந்த சீசன் முழுக்க அது என் மனசுல ஓடிட்டே இருந்துச்சு, இந்த மடலுக்கு ஆரம்பமே அதுதான்.

நாரைக் குஞ்சு முட்டைலேர்ந்து வர ஒரு மாசம், வந்தப்புறம் றெக்கை முளைச்சு கூட்ட விட்டு எறங்க இன்னும் ரெண்டு மாசம் பக்கம் ஆகும். அந்த மூணு மாசமும் நீங்க வர்ற சீசனுக்குள்ளதான் வருது, கார்த்திகைலேர்ந்து மாசிக்குள்ள. ஒரு தடவை பறந்து வந்து உக்காந்துக்குறது ஒண்ணும் இல்லாம இருக்கலாம். ஆனா சனிக்கிழமை பத்து தடவ, ஞாயித்துக்கிழமை பத்து தடவன்னு வாரா வாரம் எழுப்பி விட்டா, வெயில்ல முட்டை சூடேறிப் போகும், குஞ்சு மிரண்டு கிளைலேர்ந்து தவறி தண்ணில விழும், கீழ விழுந்தத தாய் தூக்கி மேல வைக்காது, வைக்கவும் முடியாது. கூழைக்கடா இன்னும் கூச்ச சுபாவம், தொந்தரவு ரொம்ப ஆச்சுன்னா கூட்டமாவே கூட்ட கைவிட்டுட்டுப் போற பறவை அது. போன கூட்டம் அடுத்த வருஷம் வருமான்னு யாரால சொல்ல முடியும்?

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்பீக்கர் வண்டியிலயே இருக்கட்டும், கரைக்கு கொண்டு வராதீங்க. டீச்சருங்க விசில் ஊதி பசங்கள வரிசைல நிறுத்துறீங்க, அது வேண்டாம், கைய தூக்கினா போதும், பசங்க கத்துக்குவாங்க, பெரியவங்கள விட அவங்க சீக்கிரம் கத்துக்குறாங்கன்னு நான் நேர்லயே பாத்திருக்கேன், ஒரு ஒண்ணாங்கிளாஸ் பாப்பா வாயில விரல வெச்சுக்கிட்டு அவங்க அப்பாவ அடக்குச்சு. ட்ரோன் வேண்டவே வேண்டாம், மேலேர்ந்து எது வந்தாலும் அதுங்களுக்கு பருந்துதான். ஃபிளாஷ் ஆஃப் பண்ணிடுங்க. கேமரா கிளப் அண்ணன்களே, உங்க லென்ஸோட நீளம் எனக்குத் தெரியும், அப்புறமும் எதுக்கு வேலி தாண்டி எறங்குறீங்க? கூட்டோட போட்டோ வேணாம்னு சொல்லல, பறவை உங்கள திரும்பிப் பாத்து கழுத்த நீட்டுச்சுன்னா நீங்க ரொம்ப கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், ரெண்டு அடி பின்னாடி வாங்க, அது தானா கழுத்த மடக்கும், அப்போ எடுங்க, அந்தப் படம்தான் நல்லாவும் இருக்கும்.

சாப்பாட்ட கரைக்கு வெளிய முடிச்சுக்கோங்க. முறுக்கு, சிப்ஸ் எதையும் தண்ணில போடாதீங்க, அன்பாத்தான் போடுறீங்கன்னு தெரியும், ஆனா அதுங்க தின்னாது, அத தின்ன காக்காதான் கூடும், காக்கா கூடினா என்ன ஆகும்னு மேல சொல்லிட்டேன். கவர், பாட்டில், ஸ்ட்ரா எல்லாத்தையும் திரும்ப உங்க பையிலயே போட்டு வீட்டுக்கு கொண்டு போங்க, இங்க இருக்குற குப்பைத்தொட்டிய ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வந்து பாருங்க தெரியும், காத்து அடிச்சா எல்லாம் ஏரிக்குத்தான் போகுது. சரணாலயத்துக்குள்ள குப்பை போடக்கூடாது, உயிரினத்த சீண்டக்கூடாதுன்னு 1972ஆம் வருஷ வன உயிரின பாதுகாப்பு சட்டத்துலயே நேரா எழுதியிருக்கு. சட்டத்த காட்டி மிரட்டுறதுக்கு சொல்லல, எங்க ஊர் வழக்கமும் நாட்டு சட்டமும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுக்கத்தான்.

நேரமும் முக்கியம். பத்து மணிக்கு கெளம்பி உச்சி வெயில்ல வந்து "எல்லாம் தூங்குது"ன்னு சொல்றீங்க. விடியக்காலைல வாங்க, இல்லன்னா சாயந்தரம் நாலு மணிக்கு மேல வாங்க, இரை தேடப் போனதுங்க எல்லாம் திரும்புற நேரம் அது. முடிஞ்சவங்க வாரநாள்ல வாங்க, பொங்கல் லீவு நாள்ல கரையில நடக்கவே எடம் இருக்குறதில்ல. வழியில ரோட்டோரம் நெல்லு காயப்போட்டிருப்பாங்க, ஆயாங்க உக்காந்திருப்பாங்க, வண்டிய மெதுவா ஓட்டுங்க, ஹாரன் அடிக்காதீங்க. எளநீ, வேர்க்கடலை, பைனாகுலர் வாடகை எதுவா இருந்தாலும் ஊர்க்காரங்ககிட்ட வாங்குங்க, பறவையால ஊருக்கு நாலு காசு கெடைச்சா அடுத்த தலைமுறையும் வெடி வேண்டாம்னு மனசார சொல்லும்.

இதுவரைக்கும் நான் சொன்னது கரைக்குள்ள இருக்குறத மட்டும்தான். ஆனா பறவைக்கு அந்த 74 ஏக்கர் படுக்கை அறை மாதிரி, சமையக்கட்டு வெளிய இருக்கு. நாரையும் கூழைக்கடாவும் அந்த ஏரில மட்டும் மீன் புடிச்சு குஞ்ச வளக்க முடியாது, ஆயிரக்கணக்கான வாய்க்கு அந்த ஏரி எம்மாத்திரம்? காலைல கெளம்பி சுத்துப்பட்டு ஏரி, குட்டை, கழனின்னு மைல் கணக்குல பறந்து போய் கொண்டு வந்து ஊட்டுது. நத்தைகுத்தி நாரை அலக பாத்திருக்கீங்களா, மூடினாலும் நடுவுல ஒரு சந்து இருக்கும், அது நத்தைய புடிக்குறதுக்குன்னே அமைஞ்ச அலகு, எங்க கழனில சேத்துல நின்னு நத்தைய பொறுக்கும், நாத்து நட்டா நத்தைத் தொல்லை இருக்காது. அந்தக் கழனில கண்ட மருந்தையும் அடிச்சா நத்தையும் போகும், மீனும் போகும். அந்தக் குட்டைய மூடி பிளாட் போட்டா அங்க தின்ன பறவைக்கு எடம் இல்ல. அதனாலதான் ஏரிய மட்டும் இல்லாம சுத்தி 5 கிலோமீட்டரையும் 1998ல சரணாலயம்னு அறிவிச்சாங்க.

2020ல அந்த 5 கிலோமீட்டர 3 ஆக்கலாம்னு பேச்சு வந்துச்சு ஞாபகம் இருக்கா? அப்போ ஆன்லைன்ல எதிர்த்து எழுதினது, ஹேஷ்டேக் போட்டது, கையெழுத்து போட்டு அனுப்பினது எல்லாம் நீங்கதான். லாக்டவுன் நேரம், வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்துக்கிட்டே இந்த ஏரிக்காக பேசுனீங்க. எங்க ஊர் டீக்கடைல அத போன்ல ஒருத்தருக்கொருத்தர் காட்டி படிச்சோம். அப்பா என்கிட்ட "யாரும்மா இவங்கல்லாம், நம்ம ஏரிக்கு இவ்ளோ பேசுறாங்க"ன்னு கேட்டாரு. ஞாயித்துக்கிழமை வருவாங்களேப்பா, அவங்கதான்னு சொன்னேன். அவருக்கு அவ்ளோ சந்தோஷம். அந்த நன்றி இன்னும் இருக்கு, அதனாலதான் உங்ககிட்ட உரிமையோட கேக்க முடியுது. சத்தம் போட வேண்டிய நேரத்துல போட்டவங்க, கரையில நிக்குற ரெண்டு மணி நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா என்ன.

உங்க வீட்டுப் பக்கமும் பாருங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பெரும்பாக்கம் ஏரியும் உங்களுக்கு பால்கனிலேர்ந்து தெரியுற தூரம், அங்கயும் கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் மேயுது. இங்க வந்து அமைதியா பாத்துட்டு அங்க ஏரிக்குள்ள கட்டிடக் கழிவு கொட்டுறத பாத்தும் பாக்காம போனா எங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும். பள்ளிக்கரணையும் 2022ல ராம்சார் பட்டியல்ல வந்ததுதான், ஒரு காலைல பைனாகுலர எடுத்துக்கிட்டு அங்கயும் போய் நில்லுங்க.

இந்த வருஷம் வர்றதா இருந்தா, ஜிஎஸ்டி ரோட்டுல வந்து படாளம் கூட்ரோட்டுல திரும்புவீங்க, அங்கயே பாட்ட நிறுத்திடுங்க, கண்ணாடிய எறக்குங்க. ரெண்டு பக்கமும் கழனி, நின்னு பாத்தா அங்கயே நாலஞ்சு நத்தைகுத்தி நிக்கும். கரைக்கு வந்ததும் ஒரு பத்து நிமிஷம் போன எடுக்காம நில்லுங்க. வளந்த நாரைக்கு குரல்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஜோடி சேர்ந்தா அலக அலகால தட்டி ஒரு சத்தம் போடும், கட்டையால கட்டைய தட்டுற மாதிரி டக்டக்டக்னு. குஞ்சுங்க மட்டும்தான் பசிக்கு கத்தும். சாயந்தரம் அஞ்சரை மணிக்கு எல்லாம் திரும்பி வர்றப்போ அந்த தட்டுற சத்தமும் குஞ்சுங்க கத்துற சத்தமும் சேர்ந்து ஏரி மேல ஒண்ணா எழும்பும். கரையில மனுஷங்க பேசாம இருந்தா அது எங்க வீட்டுத் திண்ணை வரைக்கும் கேக்கும். எங்க ஆயா அத கேட்டுக்கிட்டேதான் விளக்கேத்தும்.

அன்போட,
வேடந்தாங்கல் ஆயக்கட்டு கழனிக்காரர் வீட்டுப் பொண்ணு